மெட்டு ஏறும் மூத்தவர்களுக்கு எந்தச் செருப்பு?

விடியுமுன் போடியில் ஜீப் ஏறி, போடிமெட்டு மலைப்பாதையைத் தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் இறங்குகிற ஏலத்தோட்டத் தொழிலாளியின் கால் ஒரே நாளில் மூன்று தரைகளைப் பார்க்கிறது: தார்ச்சாலை, ஜீப்பின் இரும்புப் படி, ஈர இலை மூடிய சரிவு. ஐம்பத்தைந்தைத் தாண்டியும் காய் எடுக்கப் போகிறவர்களில் பலர் இம்மூன்றுக்கும் ஒரே ரப்பர் செருப்பைத்தான் நம்பியிருக்கிறார்கள். முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.

பின் வார் இல்லாத செருப்பு காலை விட்டு நழுவாமலிருக்க, விரல்கள் அதைக் கவ்விக்கொண்டே இருக்க வேண்டும். வயதானால் விரல் பிடி தளரும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடப்போம். தேய்த்து நடப்பவரை வீழ்த்த ஏலச்செடியின் ஒரு வேர் போதும். ஆகவே கடையில் முதல் கேள்வி விலையோ நிறமோ அல்ல, குதிகாலைப் பிடிக்கிறதா என்பதே. பின்பக்கம் மூடியிருக்கட்டும், குறைந்தது வாராவது இருக்கட்டும். கயிறு கட்டக் குனிய முடியாதவர்கள் வெல்க்ரோ ஒட்டு வைத்ததைக் கேளுங்கள்.

அடுத்தது அடிப்பாகம். பிள்ளைகள் பாசத்தோடு தடித்த, மெத்தென்ற ஸ்பாஞ்சு ஷூ வாங்கித் தருவார்கள். கோயிலுக்குப் போட்டுக்கொள்ளுங்கள், சரிவுக்கு வேண்டாம். மெத்தை தடிக்கத் தடிக்கத் தரையின் சாய்வு பாதத்துக்குத் தெரியாமல் போகிறது, கணுக்காலும் எளிதில் பிரளுகிறது. மெல்லிய, கெட்டியான, ஆழமான வெட்டுள்ள அடிதான் நல்லது. கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள்: விரல் மூட்டு வரும் இடத்தில் மட்டும் மடங்க வேண்டும், நடுவில் இரண்டாக மடங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெட்டுகள் தேய்ந்துவிட்டால் மேல்பாகம் புதிதுபோல இருந்தாலும் மாற்றுங்கள். மொட்டை டயர் போட்ட ஜீப்பில் மெட்டு இறங்கச் சம்மதிப்பீர்களா?

அளவில்தான் அதிகம் ஏமாறுகிறோம். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, நாட்டின் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. ஐரோப்பியரையும் அமெரிக்கரையும்விட நம் பாதம் அகலம் என்பது அதில் தெரிந்தது. கடையில் இருப்பதோ பிரிட்டன் அளவு. அகலம் போதாமல் ஒரு எண் கூட்டி வாங்குகிறோம். அப்போது நீளம் மிஞ்சி, குதிகால் ஆடி, முனை தடுக்குகிறது. எண்ணைக் கூட்டாமல் முன்பக்கம் அகன்ற வகையைத் தேடுங்கள். கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், வேலைக்குப் போடும் சாக்ஸோடு, நின்றுகொண்டே போட்டுப் பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். கடைக்கு வர முடியாத அம்மாவுக்கு வாங்குகிறீர்களா? இரண்டு பாதங்களையும் காகிதத்தில் வரைந்து வெட்டி எடுத்துப் போய் ஷூவுக்குள் வைத்துப் பாருங்கள். காகிதம் ஓரத்தில் மடங்கினால் அது அவருக்கு ஆகாது.

தென்மேற்குப் பருவமழையில் அட்டைக்கும் பாம்புக்கும் கம்பூட்டைவிடத் தோதானது இல்லை. ஏலக்காய்ச் சரம் செடியின் தூரில் படர்வதால் குனிந்து, குத்துக்காலிட்டுத்தான் காய் எடுக்க வேண்டும். முழங்கால் வரை வரும் பூட் அப்போது மடிப்பில் அறுக்கும். பாதிக் கெண்டைக்கால் உயரம் போதும். நனைந்த சாக்ஸை மாற்ற இன்னொரு ஜோடி பையில் இருக்கட்டும். ஒற்றைக் காலில் நின்று கழற்றாதீர்கள், உட்கார்ந்து கழற்றுங்கள். மருந்தடிக்கும் நாளில் பேண்ட்டை பூட்டுக்கு வெளியே விடுங்கள், உள்ளே திணித்தால் மருந்து வழிந்து பாதத்தில் தேங்கும். நனைந்த பூட்டுக்குள் செய்தித்தாளைத் திணித்து நிழலில் காய வையுங்கள். காய் உலர்த்தும் ஸ்டோரின் சூட்டில் வைத்தால் பசை விட்டு அடி கழன்றுவிடும்.

சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்குக் கணக்கே வேறு. கல் குத்துவதும் அட்டை கடிப்பதும் அவர்களுக்குத் தெரியாது. தொழுநோயால் உணர்விழந்த பாதங்களைக் காக்க வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் போன்றோர் செய்த பணியிலிருந்து வளர்ந்த எம்.சி.ஆர். எனும் நுண்ணறை ரப்பர் செருப்பு, இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் அது வீட்டுக்கும் சாலைக்கும்தான். காட்டுக்குள் விரலை மூடியதே வேண்டும். போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். புதியதை முதலில் வீட்டில் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றி, சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். புண் தெரிந்தால் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மழைக்கும் குளிருக்கும் குடை, கம்பளி, மழைக்கோட்டு என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. காலணியைப் பெயர் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, செருப்பு தொழிலாளியின் சொந்தச் செலவு என்றே பல தோட்டங்களில் நினைக்கிறார்கள். கங்காணிகளுக்கும் தோட்டக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மழைக்காலத்துக்கு முன் மூத்தவர்களுக்கு ஆளுக்கொரு ஜோடி பூட் வாங்கிக் கொடுங்கள். அதுவரை, வார் இல்லாத செருப்போடு வந்தவரைச் சரிவுக்கு அனுப்பாமல் காய் தரம் பிரிக்க உட்கார வையுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள்.