சிகரெட் வாங்க வரும் சிறுவர்கள்

"அப்பா வாங்கி வரச் சொன்னார்" என்று சிறுவன் சில்லறையை நீட்டினால், தெரிந்த வீட்டுப் பிள்ளைதானே என்று பல கடைகளில் பீடிக்கட்டை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். 2003-ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டம், 6-வது பிரிவு, இந்தச் சமாதானத்தை ஏற்பதில்லை. யாருக்காக வாங்கினாலும், வாங்க வருபவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அவர் சிறுவர் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்பவராகிய நம்முடையது. சந்தேகமிருந்தால் வயதுச் சான்று கேட்கலாம். வாடிக்கை போய்விடுமோ என்று அஞ்ச வேண்டாம், அப்பாவே நேரில் வருவார். இளம் வயதில் பிடித்த நிக்கோட்டின் பழக்கம் எளிதில் விடாது. அப்பாவுக்கு வாங்க வந்தவன் பிறகு தனக்கென்றும் கேட்பான்.

பள்ளி விட்டு வரும் நம் மகனைக் கல்லாவில் உட்காரவைத்துச் சிகரெட் விற்கச் சொல்வதும் கூடாது. 60-க்கு 30 சென்டிமீட்டர் அளவுள்ள எச்சரிக்கைப் பலகை கண்ணில் படும்படி இருக்கவேண்டும். கல்வி நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 100 கெஜத்துக்குள் கடை இருந்தால், பெரியவர்களுக்கும் விற்கக் கூடாது.