பூச்சிமருந்தும் ஓடைப் பூச்சிகளும்: விற்பவர் அறிய வேண்டியவை

பூச்சிமருந்து டப்பாவின் மேல் உள்ள முக்கோணத்தை நாம் எல்லோரும் அறிவோம். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நான்கு நிறம். "பச்சைதான், பயமில்லை" என்று சொல்லி வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடுகிறோம். அந்த நிறம், மருந்து வயிற்றுக்குள் போனால் எவ்வளவு நஞ்சு என்பதை எலிச் சோதனையைக் கொண்டு வகுத்தது. தண்ணீரில் வாழும் பூச்சிக்கு அது என்ன செய்யும் என்பதை அந்த நிறம் சொல்லாது. இந்தக் கட்டுரைக்காக விவரம் தேடும்வரை நாமும் இதை அறிந்திருக்கவில்லை.

நீர்ப்பூச்சி செத்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். ஓடைக் கற்களின் அடியில் ஒட்டி வாழும் புழுக்கள் சருகையும் பாசியையும் தின்கின்றன. அவற்றை மீன் தின்கிறது. கொசுப் புழுவைத் தின்னும் தட்டான் குஞ்சு வளர்வதும் அதே தண்ணீரில்தான்.

வழக்கமான முதல் சோதனை இரண்டு, மூன்று நாளில் முடிந்துவிடும். பாத்திரத்தில் பூச்சிகளை விட்டு, எந்த அளவு மருந்தில் பாதி செயலிழக்கின்றன என்று பார்ப்பார்கள். நாள் நீண்டால் கதையே வேறு. இமிடாகுளோபிரிட் மருந்தை மேஃப்ளை என்னும் நீர்ப்பூச்சியின் குஞ்சுகளிடம் சோதித்து நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட முடிவைப் பாருங்கள். நான்கு நாளில் பாதிக் குஞ்சுகளை முடக்க லிட்டருக்கு சுமார் 1 மைக்ரோகிராம் தேவைப்பட்டது. அதே தண்ணீரில் 28 நாள் வைத்தபோது, பத்தில் ஒன்றை முடக்க சுமார் 0.03 மைக்ரோகிராமே போதுமாயிற்று. இந்த மருந்து பூச்சியின் நரம்பில் ஒட்டினால் எளிதில் விடுவதில்லை. சிறுகச் சிறுகச் சேர்கிறது. நம் கடைகளில் உள்ள 17.8 சதவீத மருந்தில் 100 மில்லி பாட்டிலில் சுமார் 20 கிராம் சரக்கு உண்டு. அதைக் கொட்டினால் 2 கோடி லிட்டர் தண்ணீர் அந்த 1 மைக்ரோகிராம் அளவை எட்டும்!

ஓடும் ஆற்றிலேயே பல்லாண்டு நடந்த பெரிய சோதனை மேற்கு ஆப்பிரிக்காவில் உண்டு. கருப்பு ஈ பரப்பும் ஆற்றுக் குருட்டு நோயை ஒழிக்க 1974 முதல் 2002 வரை ஒரு திட்டம் நடந்தது. ஈயின் புழு வேகமாக ஓடும் நீரில் வளர்வதால், 1975 முதல் வாரந்தோறும் ஹெலிகாப்டரில் வந்து ஆறுகளில் டெமிபாஸ் ஊற்றினார்கள். நாம் 'அபேட்' என்று அறிந்த அதே மருந்துதான். மற்றப் பூச்சிகளுக்கும் மீனுக்கும் என்ன ஆகிறது என்று கணக்கெடுக்கத் தனிக் குழுக்களை அமர்த்தியது அந்தத் திட்டத்தின் பெருமை. ஊற்றியதும் எத்தனை பூச்சிகள் பிடிவிட்டு மிதந்து வருகின்றன என்று வலை போட்டு எண்ணினார்கள். அடிக் கற்களில் மிஞ்சியதையும் எண்ணினார்கள். ஆண்டுக்கணக்கில் இதைச் செய்தார்கள். டெமிபாஸால் சில இனங்கள் குறைந்தன. எனினும் எந்த இனமும் நிரந்தரமாக அழிந்ததாகத் தெரியவில்லை. பெர்மெத்ரின் பூச்சிகளை அதிகம் வாரிச் சென்றதால், ஆற்றில் நீர் மிகுந்த காலத்தில், சில வாரங்கள் மட்டும் என்று கட்டுப்படுத்தினார்கள்.

1980 வாக்கில் சில இடங்களில் ஈயின் புழுக்கள் டெமிபாஸுக்குப் பழகிவிட்டன. அப்போது கைகொடுத்தவற்றில் ஒன்று பி.டி.ஐ. என்னும் பாக்டீரியா மருந்து. கொசு, கருப்பு ஈ வகைகளையே பெரும்பாலும் தாக்கும். பிற நீர்ப்பூச்சிகளுக்குத் தீங்கு குறைவு. கதிர்காமத்தை அடுத்த இந்திரா நகரில் 1975-இல் தொடங்கிய கொசு ஆராய்ச்சி மையத்தை நாம் அறிவோம். அங்கே உருவான பி.டி.ஐ. வகைக்கு 'வி.சி.ஆர்.சி. பி-17' என்று பெயர்.

கதிர்காமத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஓடை ஏதுமில்லை. ஆனால் மழைநாளில் நம் கடை வாசலைக் கழுவிய தண்ணீர் எங்கோ ஒரு வாய்க்காலில் போய்த்தான் நிற்கிறது. அட்டைப்பெட்டி நனைந்து பாட்டில் உடைந்தால் குழாயைத் திறந்து கழுவாதீர்கள். கையுறை போட்டு, மணலோ மரத்தூளோ கொட்டி ஊறவைத்து அள்ளி, மூடியுள்ள டப்பாவில் தனியே வையுங்கள். காலாவதியான சரக்கைச் சாக்கடையில் விடாமல் கம்பெனிக்கே திருப்புவது நல்லது. அதற்கு வாங்கும்போதே பேசி, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் விற்பனைப் பிரதிநிதி போனை எடுக்கமாட்டார்.