துன்பம் இருக்குமிடம் தேடிச் சென்ற மருத்துவர்கள்

முன்னுரை

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பணி செய்பவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்பது வள்ளுவர் வகுத்த இலக்கணம். பெருநகர மருத்துவமனையில் இந்நான்கும் ஓரிடத்தில் கிடைக்கும். திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் பருத்தி எடுப்பவரைப் பாம்பு தீண்டினால் நிலைமை வேறு. நோயாளி ஓரிடம், மருத்துவர் ஓரிடம். இடையிலுள்ள தொலைவே உயிரைத் தீர்மானிக்கிறது. அத்தொலைவைத் தாமே கடந்து சென்ற மருத்துவர் மூவரை இங்கே காண்போம்.

நார்மன் பெதூன்

இவர் கனடா நாட்டு அறுவை மருத்துவர். 1936-இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், காயம்பட்டோர் பலர் மருத்துவமனையை அடையுமுன் இரத்தம் இழந்தே மாண்டனர். இதைக் கண்ட பெதூன், சேமித்த இரத்தத்தை வண்டியில் போர்முனைக்கே கொண்டு செல்லும் முறையை ஏற்படுத்தினார். நோயாளி வரட்டும் எனக் காத்திராமல் மருத்துவமே புறப்பட்டுப் போயிற்று. 1938-இல் சீனா சென்ற அவர், அறுவை செய்யும்போது விரலில் பட்ட காயம் நஞ்சேறியதால் 1939 நவம்பரில் உயிர் நீத்தார்.

துவாரகாநாத் கோட்னிஸ்

ஜப்பானியப் படையெடுப்புக்கு ஆளான சீனா, இந்தியாவிடம் மருத்துவ உதவி கேட்டது. 1938-இல் காங்கிரஸ் தலைவராயிருந்த சுபாஷ் சந்திர போஸ் மக்களிடம் நிதி வேண்டினார். ஐந்து மருத்துவர்கள் கப்பலேறினர். அவர்களுள் ஒருவர் சோலாப்பூரில் பிறந்த கோட்னிஸ். அவர் சீன மொழி கற்றார். போர்முனையில் அறுவைச் சிகிச்சை செய்தார். அந்நாட்டு மாணவருக்கு மருத்துவமும் பயிற்றுவித்தார். 1941-இல் பெதூன் பெயரால் அமைந்த மருத்துவமனைக்கே தலைவரானார். 1942 டிசம்பரில், 32 வயதில் வலிப்பு நோயால் மறைந்தார். ஐவருள் நால்வர் தாயகம் திரும்பினர், அவர் திரும்பவில்லை.

கேப்டன் லட்சுமி

சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938-இல் பட்டம் பெற்ற லட்சுமி, 1940-இல் சிங்கப்பூர் சென்று ஏழைத் தொழிலாளருக்கு மருத்துவம் பார்த்தார். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது காயமுற்றோருக்குப் பணி செய்தார். மறு ஆண்டு அங்கு வந்த போஸ் பெண்கள் படை அமைக்க விரும்பினார். கோட்னிஸ் குழுவுக்காக நிதி வேண்டிய அதே தலைவரின் அழைப்பை ஏற்று, லட்சுமி ஜான்சி ராணிப் படையின் தலைவியானார். அதில் சேர்ந்தவருள் பலர் மலேயா ரப்பர்த் தோட்டத் தமிழ்ப் பெண்கள். மழை பொய்த்து, பிழைப்புத் தேடிக் கடல் கடந்த குடும்பங்களின் கதை நம் வானம்பார்த்த பூமிக்குப் புதிதன்று.

பர்மாவில் 1945-இல் பிடிபட்ட லட்சுமி 1946-இல் இந்தியா திரும்பினார். பின்னர் கான்பூரில் மகப்பேறு மருத்துவராகப் பணி தொடர்ந்தார். 1971-இல் வங்க அகதிகளுக்கு மருத்துவம் செய்தார். 1984-இல் போபாலில் நச்சு வாயு பரவியபோது, 70 வயதில் மருத்துவக் குழுவுடன் அங்கே சென்றார். தொண்ணூறு கடந்தும் நோயாளிகளைப் பார்த்த அவர் 2012-இல் மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது.

முடிவுரை

இம்மூவரும் வீரச் செயலை நாடி வீட்டை விட்டுப் போனவர்களல்லர். துன்புறுவோர் இருக்குமிடம் போனார்கள். அங்கே போர் இருந்தது. மருத்துவம் ஒரு வாழ்க்கை, சாகசம் மற்றொரு வாழ்க்கை என அவர்களிடம் பிரித்துப் பார்க்க இயலாது.

இன்று தொலைவு குறைந்து வருகிறது. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008-இல் தொடங்கிற்று. அவசர மருத்துவம் 2009-இல் இந்தியாவில் தனித் துறையாக ஏற்கப்பட்டது. 2022-இல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆயினும் வண்டி வந்து சேரும்வரை நோயாளியின் அருகில் இருப்பவர் யார்? வள்ளுவர் சொன்ன நான்காமவர்தாம். அவர் நம்மில் ஒருவராகவே இருப்பார். பாம்பு தீண்டிய இடத்தைக் கயிற்றால் இறுகக் கட்டுவதும், கீறிவிடுவதும், மந்திரிக்க அழைத்துச் சென்று நேரத்தை இழப்பதும் உயிருக்கு ஆபத்து. தீண்டிய உறுப்பை அசையாமல் வைத்து, தைரியம் சொல்லி, விரைந்து மருத்துவமனை சேர்ப்பதே முறை; நச்சுமுறி மருந்து அங்கேதான் உண்டு.

நாம் கலைக்கல்லூரி மாணவர். மருத்துவர் ஆகப் போவதில்லை. எனினும் முதலுதவி கற்கலாம். குருதிக் கொடை அளிக்கலாம். கரிசல் காட்டில் ஓர் உயிர் துடிக்கும்போது விலகி நில்லாமல் அருகில் செல்வோமாக!