சீட்டில் எழுதிய ஊர்ப்பெயர்

கொல்கத்தா நகரில் ஊக்லி ஆற்றங்கரையில் கார்டன் ரீச் என்னும் பகுதி உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், கடல் கடந்து கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர்கள் கப்பல் ஏறும்வரை இப்பகுதியிலிருந்த முகாம்களில் தங்கவைக்கப்பட்டனர். பிஜித் தீவுக்குச் சென்ற முதற்கப்பலான லியோனிதாஸ், 1879-ஆம் ஆண்டு கொல்கத்தாவிலிருந்தே புறப்பட்டது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் தமிழரும் தெலுங்கரும் பிஜிக்குச் சென்றனர்.

அவ்வாறு செல்வோரைக் காப்பதற்கென 1883-ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் நடைமுறையை நான்கு நிலைகளாகக் காணலாம்.

முதல் நிலை, ஆள் சேர்த்தல். உரிமம் பெற்ற முகவர், வேலை, கூலி, ஒப்பந்தக் காலம் ஆகியவற்றை விளக்க வேண்டும்.

இரண்டாம் நிலை, பதிவு. அரசு அலுவலர், செல்பவர் ஒப்பந்தத்தை அறிந்து, மனம் விரும்பிச் செல்கின்றாரா என வினவிப் பதிவு செய்வார்.

மூன்றாம் நிலை, மருத்துவச் சோதனை. துறைமுக முகாமில் மருத்துவர் உடல்நலத்தை ஆராய்வார்.

நான்காம் நிலை, அனுமதிச் சீட்டு. குடிபெயர்வோர் பாதுகாவலர் ஒப்பமிட்ட பின்னரே கப்பல் ஏறலாம். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், சிற்றூர், உயரம், உடல் அடையாளம் ஆகியன அச்சீட்டில் இடம்பெற்றன.

காவல்கள் இத்தனை இருந்தும் பலர் ஏமாற்றப்பட்டனர். பிஜி எங்குள்ளது என்பதையே அறியாமல் ‘ஆம்’ என்றோர் உண்டு. எழுத்தறியாதவர்க்குத் தாள் துணை செய்யவில்லை. நிலைகளை அறியாதவர்க்குச் சட்டமும் காவலாகவில்லை.

ஆயினும் அச்சீட்டுகள் மறையவில்லை. அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று அவற்றைக் கொண்டே தம் முன்னோரின் ஊரைத் தேடி வருகின்றனர். எழுத்தர் காதில் விழுந்தவாறு ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப்பெயர் பிழையாக இருப்பின், அத்தேடல் இடையிலேயே நின்றுவிடுகிறது.

குடிபெயர்வோர் பாதுகாவலர் பதவி இன்றும் உள்ளது. கொல்கத்தாவிலும் அவர்தம் அலுவலகம் இயங்குகிறது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதோர் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் பொதுவாக அவ்வலுவலரின் அனுமதியைப் பெற வேண்டும். விண்ணப்பம் எந்நிலையில் உள்ளது என்பதை இணையத்தில் காணலாம். அன்று படிக்கத் தெரியாதவர் பிறர் சொல்லையே நம்பினர். இன்று வீட்டிலுள்ள பள்ளி மாணவரே படிவத்தைப் படித்துப் பெரியோர்க்கு விளக்கலாம்.

சொற்பொருள்
முகவர் – ஒருவர் சார்பில் செயல்படுபவர்
உரிமம் – அரசு தரும் இசைவு
ஒப்பம் – கையெழுத்து
வழித்தோன்றல் – மரபில் வந்தவர்

விடையளிக்க
1. அனுமதிச் சீட்டில் இடம்பெற்ற செய்திகளுள் நான்கினை எழுதுக.
2. இரண்டாம் நிலையில் அலுவலர் எதனை வினவினார்? அவ்வினா பலரைக் காக்காமல் போனது ஏன்?
3. ஊர்ப்பெயர் பிழையாக எழுதப்பட்டதால் விளைந்த இடர் யாது?

செயல்பாடு
பெற்றோரிடம் கேட்டு, உம் சொந்த ஊர், வட்டம், மாவட்டம் ஆகியவற்றின் பெயர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பிழையின்றி எழுதுக. வீட்டிலுள்ள ஆவணங்களில் அப்பெயர்கள் ஒரே வகையாக உள்ளனவா என ஒப்பிடுக.