கூரைப் பீலியும் மழைநீர்த் தொட்டியும்

இராமநாதபுரம், நாகப்பட்டினம் முதலிய கடலோர ஜில்லாக்களில், கிணறு தோண்டினால் உவர்நீரே கிடைக்கும் ஊர்கள் பல உண்டு. அவ்வூர்களில் பங்குனி பிறந்தது முதல் பெண்மக்கள் குடமெடுத்து நெடுந்தூரம் நடப்பதும், அது இயலாத குடும்பத்தார் குடம் ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை கொடுத்து வாங்குவதும் ஆண்டுதோறும் நிகழ்கின்றன. அதே வீடுகளின் கூரைமீது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் விழும் நல்ல நீரோ, இறவாரத்தினின்று வழிந்து தெருவிலோடி வீணாகின்றது. செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்துக் குழாயின் கீழ் அண்டா வைத்து மழைநீர் பிடிக்கும் வழக்கம் நெடுநாளையது. ஆகவே இது நமக்குப் புதிய காரியமன்று.

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் எல்லாக் கட்டிடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. அதனால் பல வீடுகளில் கூரை நீர் நிலத்துள் இறக்கப்படுகின்றது. இது கிணறுகளுக்கு நலம் தருவதே. ஆயினும் நிலத்தடியில் உவர் மிகுந்த ஊர்களில், குடிப்பதற்கு வேண்டிய அளவைத் தொட்டியில் நிறுத்திக்கொண்டு, மிகுந்ததை நிலத்துள் விடுவதே தக்க முறையாகும்.

தொட்டி கட்டுவது கொத்தனார் எவருக்கும் தெரிந்த வேலை. சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் கிராமங்களில் கண்டவரையில், தொட்டி உறுதியாயிருந்தும் நீர் சேராமலோ, சேர்ந்த நீர் குடிக்கத் தகாமலோ போவதற்குப் பெரும்பாலும் காரணம், கூரைக்கும் தொட்டிக்கும் நடுவேயுள்ள இணைப்பைச் சரிவரச் செய்யாமையேயாம். கடன் பெற்றுத் தொட்டி கட்டியவர், தொட்டி வறண்டு கிடக்கத் தவணையை மட்டும் செலுத்தி வருவது மிகவும் பரிதாபத்துக்குரியது. ஆதலின் அவ்விணைப்பைப் பற்றியே இங்கு விரிவாகக் கூறப்படுகின்றது.

1. முதலில் கணக்கு

ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீராகும். 20 அடி நீளமும் 16 அடி அகலமும் உள்ள ஓட்டு வீட்டை உதாரணமாகக் கொள்வோம். கூரையின் சரிவை அளக்க வேண்டுவதில்லை. கூரை தரையில் மூடி நிற்கும் பரப்பை அளந்தாற் போதும். அது ஏறக்குறைய 30 சதுர மீட்டராகும். வடகிழக்குப் பருவ மழை 300 மில்லிமீட்டர் பெய்யினும் 9,000 லிட்டர் விழும். ஓடு உறிஞ்சுவதும் வெளியே தெறிப்பதுமாகக் கால்பங்கு கழிந்தாலும் 6,750 லிட்டர் மிஞ்சும்.

இனிச் செலவைப் பார்ப்போம். ஐந்து பேருள்ள குடும்பத்தில் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 8 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 40 லிட்டர் வேண்டும். 150 நாட்களுக்கு 6,000 லிட்டராகும். இதற்கு 8 அடி குறுக்களவும், வழிந்தோடும் வாய்வரையில் நாலரை அடி உயரமும் உள்ள வட்டத் தொட்டி ஏற்றது. குளிப்பதற்கும் துவைப்பதற்கும் இந்நீரை எடுத்தால் தை முடியுமுன்னரே தொட்டி காலியாய்விடும் என்பதை வீட்டார் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

2. கூரையின் தகுதி

ஓடு, காரைத் தளம், துத்தநாகம் பூசிய தகடு ஆகிய கூரைகளின் நீர் ஏற்றது. தென்னங்கீற்று, பனையோலைக் கூரைகளின் நீர் நிறம் மாறி மணம் பற்றுமாதலால் குடிப்பதற்கு ஆகாது. ஈயம் கலந்த வர்ணம் பூசிய தகடும் ஆகாது. ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை இவ்வேலைக்காக அறுக்கவோ துளையிடவோ கூடாது. அத்தூளைச் சுவாசிப்பது நுரையீரலுக்குப் பெருங்கேடு. கூரைமேல் கவிந்த மரக்கிளைகளை வெட்டிவிட்டால் சருகும் பறவையெச்சமும் குறையும்.

3. பீலி அமைத்தல்

இறவாரத்தின் கீழ் நீரை ஏந்திச் செல்லும்படி தொங்கவிடும் நீண்ட வாய்க்காலே பீலி. வளைத்த தகரத்தாலும் இதனைச் செய்யலாம். ஆயினும் 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயை நெடுக்காக இரண்டாக அறுத்துக்கொள்வது சிக்கனமான வழி. கடையில் 20 அடி நீளத்தில் விற்கும் குழாய் ஒன்றே, மேற்சொன்ன வீட்டின் இரு சரிவுகளுக்கும் இரண்டு பீலிகளாகப் போதுமானது.

பீலி மட்டமாகக் கிடந்தால் நீர் தேங்கி விளிம்பில் வழியும், குப்பையும் படியும். நூறடிக்கு ஓரடி என்ற விகிதத்திற் குறையாமல் வாட்டம் வேண்டும். அதாவது 20 அடிப் பீலியின் ஒரு முனை மற்ற முனையைவிட ஏறக்குறைய இரண்டரை அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். கண்ணளவை நம்பாமல், கொத்தனார் கையாளும் நீர்மட்டக் குழாயினால் அளந்து கயிறு கட்டிக்கொள்க. இரண்டடிக்கு ஓர் இரும்புக் கொக்கி வைத்து வரிச்சட்டத்தில் திருகாணியால் இறுக்குக. ஓட்டின் முனை பீலியின் நடுவுக்கு நேராக நிற்கவேண்டும். பின்தள்ளி நின்றால் சிறு தூறலின் நீர் சுவரிலிறங்கும், முன்தள்ளி நின்றால் பெருமழையின் நீர் பீலியைத் தாண்டி விழும்.

இரு பீலிகளின் வாட்டமும் தொட்டியிருக்கும் பக்கத்துச் சுவரையே நோக்கியிருக்கட்டும். அப்புறத்துப் பீலியின் நீரைச் சுவரோரமாக 3 அங்குலக் குழாயிற் கொணர்ந்து இப்புறத்துக் குழாயோடு சேர்க்கலாம். தொட்டியின் வாய் பீலியின் தாழ்ந்த முனைக்குக் கீழேயிருக்க வேண்டும் என்பது மறக்கத்தகாதது. நாட்டு ஓட்டு வீடுகளில் இறவாரம் தாழ்ந்திருப்பதனாலேயே, உயர்ந்து ஒடுங்கிய தொட்டியை விட்டு அகன்று தாழ்ந்த தொட்டி மேலே கூறப்பட்டது. வேலை முடிந்ததும் உயர்ந்த முனையில் ஒரு குடம் நீர் ஊற்றிப் பார்த்தால், எங்கே தேங்குகின்றது, எங்கே ஒழுகுகின்றது என்பது உடனே புலப்படும்.

4. முதல் நீரைக் கழித்தல்

பல நாட்கள் வெயிலடித்த பின் பெய்யும் மழையின் முதல் நீர், கூரையிலுள்ள புழுதி, எச்சம், சருகு யாவற்றையும் கழுவிக்கொண்டு வரும். இது தொட்டியிற் புகலாகாது. குறைந்தபட்சம் முதல் ஒரு மில்லிமீட்டர் மழையைக் கழிக்க வேண்டும். நமது உதாரண வீட்டுக்கு இது 30 லிட்டர்.

குழாயின் முனையிலுள்ள முழங்கை இணைப்பை ஒட்டாமல் விட்டு, நீர் தெளியும்வரை கையால் வெளிப்புறம் திருப்பி வைப்பது ஒரு முறை. ஆனால் மழை நள்ளிரவிற் பெய்தால் எழுந்து திருப்புவார் யார்? ஆகவே தானே கழிக்கும் முறை சிறந்தது. தொட்டிக்குச் செல்லும் குழாயில், தொட்டிக்கு முன்னரே ஒரு ‘டீ’ இணைப்பு வைத்து, அதன் கீழ்வாயில் 8 அங்குலக் குழாய்த்துண்டு ஒன்றை நேரே கீழ்நோக்கி நிறுத்துக. மூன்றேகால் அடி நீளமிருந்தால் அதில் 30 லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும். அழுக்கு நீர் முதலில் அதனுள் இறங்கி நிரம்பும்; நிரம்பிய பின் வரும் தெளிந்த நீர் நேரே தொட்டிக்குச் செல்லும். அடிமூடியில் 2 மில்லிமீட்டர் துளையொன்று இருந்தால், மழை விட்ட சில மணி நேரத்தில் அது தானே வடிந்து அடுத்த மழைக்கு ஆயத்தமாகும். மூடி கழற்றத்தக்கதாயிருந்தால் சேற்றை அகற்றலாம்.

5. தொட்டியின் வாயும் கொசுவும்

பீலியின் முனையில் சருகைத் தடுக்கும் கம்பிவலையும், தொட்டி வாயிலும் வழிந்தோடும் குழாயிலும் மெல்லிய கொசுவலையும் வைக்கவேண்டும். உட்புகும் குழாய் அடிவரை சென்று முனை மேல்நோக்கி வளைந்திருந்தால், படிந்த வண்டல் கலங்காது. வழிந்தோடும் குழாய் உட்புகும் குழாயைவிடச் சிறிதாயிருத்தல் கூடாது. அந்நீர் அஸ்திவாரத்தில் தேங்காமல் தோட்டத்துக்கோ நீர் இறக்கும் குழிக்கோ செல்லவேண்டும். நீரெடுக்கும் குழாய் அடித்தளத்துக்கு 4 அங்குலம் மேலேயிருக்கட்டும்.

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல நீரிலேயே பெருகும். முட்டை கொசுவாவதற்கு ஏறக்குறைய எட்டு முதல் பத்து நாட்களே போதும். நீர் வற்றினும் முட்டைகள் சுவரில் ஒட்டி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆதலால் புரட்டாசியில் தொட்டியைக் காலி செய்து உட்சுவரைத் துடைப்பத்தால் அழுத்தித் தேய்த்துக் கழுவுதல் அவசியம். தேங்கி நிற்கும் பீலியும் கிழிந்த வலையுமுள்ள தொட்டி, ஒரு வீட்டுக்கு மட்டுமன்றித் தெருவுக்கே தீங்கு விளைக்கும். குழந்தைகள் தவறி விழாதபடி மூடிக்குப் பூட்டும் வேண்டும்.

குடிப்பதற்குமுன் நீரை நன்றாகக் கொதிக்க வைப்பதே பாதுகாப்பு. தொட்டியிலேயே மருந்திடுவதாயின், 1,000 லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை கிராம் புதிய சலவைத்தூள் கலந்து ஒரு மணி நேரம் கழித்து உபயோகிக்கலாம்.

6. சங்கம் செய்யத்தக்கது

இவ்வேலை தனித்தனியே செய்தாற் செலவு மிகும். பத்துப் பேர் சேர்ந்து குழாய், கொக்கி, வலை முதலியவற்றை மொத்தமாக வாங்கினால் விலையும் வண்டிக்கூலியும் குறையும். நீர்மட்டக் குழாய், வாள், துளையிடும் கருவி ஆகியவற்றைச் சங்கம் ஒரு தொகுதி வாங்கி வைத்து முறைப்படி இரவல் தரலாம். தொட்டிக்குக் கடன் கோரும் மனுவில் பீலி, இணைப்புக் குழாய், வலை ஆகியவற்றின் செலவும் சேர்ந்திருக்கின்றதா என்று நிர்வாகக் குழுவினர் பார்க்கவேண்டும். அவை விடுபட்டிருந்தால் அக்கடன் அங்கத்தினருக்கும் பயனளியாது, சங்கத்துக்கும் நலமாகாது. கடைசித் தவணையைக் கொடுக்குமுன் குழுவினர் இருவர் நேரிற் சென்று, உயர்ந்த முனையில் ஒரு குடம் நீர் ஊற்றி, அது தொட்டியில் விழுவதைக் கண்ணாற் காண்பது நல்ல வழக்கமாகும்.

புரட்டாசி பிறக்குமுன் இவ்வேலைகள் முடிதல் வேண்டும். ஒவ்வொரு சங்கமும் இவ்வாண்டில் ஒரு தெருவையேனும் எடுத்துக்கொண்டு செய்து காட்டுமாயின், வருகிற பங்குனியில் அத்தெருப் பெண்மக்கள் குடமெடுத்து நடக்கும் தூரம், வாயிற்படியினின்று தொட்டிவரையுள்ள தூரமாகவே இருக்கும்.