சத்தம் போடாத கேமிங் கம்ப்யூட்டர்: வாட் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறவர்கள் முதலில் கேட்பது, எவ்வளவு எஃப்பிஎஸ் வரும் என்பதைத்தான். ராத்திரி பதினோரு மணிக்கு, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, அந்தப் பெட்டி எவ்வளவு இரையும் என்ற கேள்வி வாங்கி முடித்த பிறகே வருகிறது. அதற்குள் காலம் கடந்துவிடும். கம்ப்யூட்டரின் சத்தம் பாகங்களை வாங்கும் அன்றைக்கே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

காரணம் எளிது. கம்ப்யூட்டர் உள்ளே இழுக்கும் மின்சாரம் அத்தனையும் வெப்பமாகவே வெளியே வருகிறது. 450 வாட் இழுத்தால் 450 வாட் வெப்பம். அதை வெளியே தள்ள ஃபேன் சுற்றியாக வேண்டும். வெப்பம் கூடக் கூட ஃபேன் வேகமாகச் சுற்றும், சத்தமும் ஏறும். ஆகவே பாகம் தேர்ந்தெடுக்க உட்காரும்போது விலைக்குப் பக்கத்தில் வாட்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கும் மனதில் இருக்கட்டும். ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் ஏறக்குறைய பாதியாகும். ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கிவிடும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதிச் சத்தம்போல் கேட்கும். அதேசமயம் ஒரே மாதிரி இரண்டு ஃபேன்கள் சேர்ந்து ஓடினால் கூடுவது 3 டெசிபல்தான். எனவே ஒரு ஃபேனை நிமிடத்துக்கு 1400 சுற்றில் ஓட்டுவதற்குப் பதிலாக, அதே மாதிரி மூன்றை 700 சுற்றில் ஓட்டினால் காற்று கூடுதலாகக் கிடைக்கும், சத்தமோ 10 டெசிபல் அளவு குறையும். பெரிய ஃபேன், நிறைய ஃபேன், மெதுவான ஃபேன். கீழே சொல்லும் தேர்வுகளில் பாதி இந்தக் கணக்கிலிருந்து வருபவை.

நம் ஊர் வெயில் கணக்கு

வெளிநாட்டு விமர்சனங்களைப் பார்த்துக் கூலர் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்தச் சோதனைகள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி அறையில் நடப்பவை. மே மாதத்தில் சென்னையிலோ வேலூரிலோ ஏசி இல்லாத அறை 35 டிகிரியில் இருக்கும். கூலரால் பிராசசரை அறைக் காற்றைவிடக் குளிராக்க முடியாது; அறைக் காற்றுக்கு மேல் எத்தனை டிகிரியில் நிறுத்துகிறது என்பதே அதன் திறமை. விமர்சனத்தில் 70 டிகிரி என்று போட்டிருந்தால் உங்கள் அறையில் 80ஐத் தாண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 70க்கு இறக்க வேண்டுமென்றால் ஃபேன் இன்னும் வேகமாக ஓட வேண்டும், அமைதி போய்விடும். அதனால் அங்கே பரிந்துரைப்பதைவிட ஒரு படி குறைந்த வாட், ஒரு படி பெரிய கூலர் என்பதே இங்கே பொருந்தும்.

அறை சூடாவதும் சேர்த்தி. ஒரு டன் ஏசி வெளியேற்றும் வெப்பம் சுமார் 3500 வாட். 450 வாட் கம்ப்யூட்டர் அதில் எட்டில் ஒரு பங்கைத் தானே பிடித்துக்கொள்ளும். ஏசி இல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணி நேரம் விளையாடுகிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

முதலில் மானிட்டர், பிறகு கிராபிக்ஸ் கார்டு

எந்த மானிட்டரில் விளையாடப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 1080பி திரைக்கு 4கே திரைக்கான கார்டு வாங்குவது பணத்தோடு அமைதியையும் கரைக்கும். 1440பி, 144 அல்லது 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் நல்ல நடுநிலை என்பது என் கணிப்பு. படம் கூர்மையாக இருக்கும். கார்டும் அளவோடு உழைக்கும்.

கார்டுகளின் அதிகாரபூர்வ வாட் அளவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 180 வாட். ரேடியான் ஆர்எக்ஸ் 9070 220 வாட். ஆர்டிஎக்ஸ் 5070 250 வாட். 5070 டிஐ 300, ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி 304, ஆர்டிஎக்ஸ் 5080 360. 5090 ஒன்றே 575 வாட். ஏசி இல்லாத அறையில் 250 வாட்டைத் தாண்ட வேண்டாம் என்பேன். ஏசி போட்டு விளையாடுபவர்கள் 300 வரை போகலாம். 1440பிக்கு அமைதியும் வேண்டும், வேகமும் வேண்டும் என்றால் ஆர்எக்ஸ் 9070ஐ முதலில் பாருங்கள்.

சிப் எது என்று முடிவானால் பாதி வேலைதான் முடிந்தது. ஒரே சிப்பைப் பல கம்பெனிகள் பல கூலர்களோடு விற்கின்றன. சத்தம் அங்கே மாறுகிறது. 250 வாட்டை இரண்டு ஃபேன் வைத்த குட்டைக் கார்டு வேகமாகச் சுற்றித்தான் சமாளிக்கும். மூன்று ஃபேனும் தடித்த ஹீட்சிங்கும் உள்ள 300 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கார்டு அதே வெப்பத்தை நிதானமாக வெளியேற்றும். டெக்பவர்அப் தளம் ஒவ்வொரு கம்பெனியின் கார்டுக்கும் தனித்தனியாகச் சத்தத்தை அளந்து போடுகிறது; நீங்கள் வாங்கப்போகும் அதே மாடலின் டெசிபல் எண்ணைத் தேடிப் படியுங்கள். சில கார்டுகளின் மேல் விளிம்பில் சிறிய பயாஸ் சுவிட்ச் இருக்கும். அதை சைலண்ட் பக்கம் தள்ளினால் போதும், காசில்லாமல் சில டெசிபல் குறையும்.

ஃபேனுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சத்தமும் உண்டு: காயில் வைன். கார்டில் உள்ள காயில்கள் மின்னோட்டம் வேகமாக ஏறி இறங்கும்போது அதிர்ந்து, கீச்சென்ற மெல்லிய ஒலி எழுப்பும். விளையாட்டின் மெனு திரையில் எஃப்பிஎஸ் 500, 600 என்று பறக்கும்போது இது மிக அதிகமாகக் கேட்கும். பிராண்டைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே மாடலில் ஒன்று கீச்சிடும், இன்னொன்று கம்மென்று இருக்கும். இதற்காகக் கார்டை மாற்றித் தருவார்களா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

பிராசசரும் அதன் கூலரும்

கேமிங்கில் வேகத்தையும் குறைந்த வாட்டையும் ஒருசேரத் தருவதில் ரைசன் 7 7800எக்ஸ்3டி இன்னமும் அருமையான தேர்வு. 2023 ஏப்ரலில் வந்தது. 96 எம்பி எல்3 கேஷ் இருப்பதால் விளையாட்டுக்கு வேண்டிய தரவு பக்கத்திலேயே கிடைக்கிறது; வேகத்துக்காக மின்சாரத்தைக் கொட்ட வேண்டியதில்லை. பெட்டியில் 120 வாட் என்று இருந்தாலும் விளையாடும்போது பெரும்பாலும் அதைவிட நன்றாகக் குறைவாகவே இழுக்கும். ஒப்பிட்டுப் பார்க்க, இன்டெல் ஐ9 14900கே முழு வேகத்தில் 253 வாட் வரை போகும். 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டியில் கேஷை கோர்களுக்கு அடியில் வைத்துவிட்டார்கள். அதனால் வெப்பம் கூலருக்கு எளிதாக ஏறுகிறது. வேகமும் அதிகம், இழுக்கும் வாட்டும் சற்று அதிகம். 5060 டிஐ அளவிலான கார்டுக்கு 65 வாட் ரைசன் 5 7600 தாராளமாகப் போதும்.

கூலருக்கு இரட்டைக் கோபுர ஏர் கூலரே என் தேர்வு. தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் 120 எஸ்இ, ஃபாண்டம் ஸ்பிரிட் 120 எஸ்இ இரண்டும் கொடுத்த காசுக்கு மேலேயே உழைப்பவை. காசு ஒரு பொருட்டில்லை என்றால் நாக்டுவா என்எச்-டி15 ஜி2. லிக்விட் கூலர் பார்க்க அழகுதான். ஆனால் அதில் ஃபேனோடு ஒரு பம்பும் ஓயாமல் ஓடுகிறது. கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதுகூட அந்த முனகல் நிற்காது. மேலே பரிந்துரைத்த பிராசசர்களுக்கு அது தேவையே இல்லை. ஏர் கூலரில் பார்க்க வேண்டியது உயரம். இவை 154 முதல் 168 மில்லிமீட்டர் வரை வரும். உங்கள் கேபினட் எவ்வளவு உயரம் இடம் கொடுக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேபினட்டில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்

நாலா பக்கமும் மூடி, உள்ளே ஃபோம் ஒட்டிய கேபினட்தான் அமைதியானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கார்டுகள் 150 வாட்டுக்குள் இருந்த காலத்தில் அது சரி. இன்றைய வெப்பத்துக்கு மூடிய பெட்டி என்றால், உள்ளே அடைபட்ட சூட்டை விரட்ட எல்லா ஃபேன்களும் கத்த ஆரம்பிக்கும். மூடி வேகவைக்கும் இட்லிப் பானைக்குள் ஃபேன் ஓட்டுகிற கதைதான். முன்பக்கம் முழுக்க வலை உள்ள மெஷ் கேபினட்டையே எடுங்கள். முன்னால் இரண்டு 180 மி.மீ. ஃபேனோடு வரும் ஃப்ராக்டல் டாரென்ட், இரண்டு 160 மி.மீ. ஃபேனோடு வரும் லியான் லீ லான்கூல் 216, மரச்சட்ட முகப்புள்ள ஃப்ராக்டல் நார்த் ஆகியவை நல்ல உதாரணங்கள். முன்னால் கண்ணாடி போட்டு மூடிய மாடல்களைக் கடையில் பளபளவென்று அடுக்கியிருப்பார்கள். காற்று எந்த வழியாக உள்ளே வரும் என்று ஒரு தடவை விரலை வைத்துப் பாருங்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேபினட் வாங்குபவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கூட வரும் ஆர்ஜிபி ஃபேன்களின் வயர் எங்கே போகிறது? மலிவான கேபினட்களில் அது நேராக எஸ்எம்பிஎஸ்ஸின் மோலெக்ஸ் பின்னுக்குப் போகும். அப்படியானால் அந்த ஃபேன் எப்போதும் ஒரே வேகம்தான். அதைக் குறைக்க மதர்போர்டால் முடியாது. நான்கு பின் உள்ள பிடபிள்யூஎம் ஃபேன்களே வேண்டும். கேபினட் இடம் கொடுத்தால் 140 மி.மீ. வாங்குங்கள். ஆர்க்டிக் பி14 பிடபிள்யூஎம் விலைக்கு நல்ல பொருள். முன்னால் மூன்று உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளித்தள்ள என்று வைத்தால் உள்ளே காற்றழுத்தம் சற்று அதிகமாக இருக்கும். ஃபில்டர் இல்லாத இடுக்கு வழியாகத் தெருப் புழுதி நுழையாது.

எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ், கரண்ட் கட்

80 பிளஸ் கோல்டு முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைச் சொல்லுமே தவிர, சத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. சத்தத்துக்கு சைபனெட்டிக்ஸ் தரும் லாம்ப்டா மதிப்பீட்டைப் பாருங்கள். ஏ++ என்றால் 15 டெசிபலுக்குக் கீழ், ஏ+ என்றால் 15 முதல் 20. இந்த இரண்டில் ஒன்று இருந்தால் அதன் ஃபேன் உங்கள் காதில் விழாது. 250 வாட் கார்டுக்கு 750 வாட் எஸ்எம்பிஎஸ் எடுங்கள். சுமை பாதியளவில் நிற்கும். குறைந்த சுமையில் ஃபேனையே நிறுத்திவைக்கும் மாடல்களும் கிடைக்கின்றன. கேபினட்டோடு சேர்த்துத் தரும் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கரண்ட் கட் இருக்கும் ஊரில் இதையும் பாருங்கள். நல்ல எஸ்எம்பிஎஸ் எல்லாவற்றிலும் ஆக்டிவ் பிஎஃப்சி உண்டு. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் அது முரண்டு பிடித்து அணைந்துவிடலாம். சைன் வேவ் இன்வெர்ட்டரோ யூபிஎஸ்ஸோதான் நம்பகமானது. யூபிஎஸ் வாங்கும்போது விஏ எண்ணைப் பார்க்காமல் வாட் எண்ணைப் பாருங்கள். 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். விளையாட்டின் நடுவே அது கைவிட்டுவிடும்.

மற்றவை

மதர்போர்டுக்கு பி650 அல்லது பி850 போதும். ஃபேன் இணைப்புகள் குறைந்தது ஐந்து இருக்கட்டும், போர்டின் மேலேயே குட்டி ஃபேன் வைத்த மாடல் வேண்டாம். ரேம் டிடிஆர்5-6000, 16 ஜிபி இரண்டு, கூலரில் முட்டாத உயரம். எஸ்எஸ்டி ஜென் 4 என்விஎம்இ வாங்குங்கள். ஜென் 5 அதிகம் சூடாகும், விளையாட்டில் அந்த வேகம் தெரியாது. ஹார்டு டிஸ்க்கை இந்தப் பெட்டிக்குள் வைக்கவே வேண்டாம். நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் தட்டின் அதிர்வு மேசை வரை வரும்.

ஓட்டிப் பார்த்துச் சரிசெய்வது

நல்ல பாகங்களையும் அப்படியே விட்டால் சத்தம் போடும். கம்பெனி வைத்து அனுப்பும் ஃபேன் அமைப்பு எப்போதும் அவசரப்படும். ரைசன் பிராசசர் பிரௌசர் திறந்தாலே ஒரு நொடியில் பல டிகிரி தாவும். ஃபேனும் கூடவே எகிறி இறங்கும். நிலையான மெல்லிய இரைச்சலைக் காது சீக்கிரம் மறந்துவிடும், ஏறி இறங்கும் சத்தத்தை மறக்காது. பயாஸில் ஃபேன் வேகம் மாறுவதற்கான தாமதத்தை முடிந்த அளவு கூட்டுங்கள். 60 டிகிரி வரை 600 சுற்று, 75 வரை 900, அதற்கு மேல் படிப்படியாக ஏறட்டும்.

மதர்போர்டு பொதுவாகப் பிராசசர் சூட்டை மட்டும் பார்த்துத்தான் கேபினட் ஃபேன்களை இயக்கும். விளையாடும்போது உண்மையில் சுடுவது கிராபிக்ஸ் கார்டு. ஃபேன்கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில் கேபினட் ஃபேன்களைக் கார்டின் வெப்பநிலையோடு இணைக்கலாம். கேட்கும்போதே வித்தியாசம் தெரியும் மாற்றம் இது.

பிறகு கார்டின் பசியைக் குறையுங்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 80 சதவீதமாக வைத்துப் பாருங்கள். 250 வாட் 200 ஆகிவிடும். எஃப்பிஎஸ் குறைவது பெரும்பாலும் சில சதவீதம்தான். ரேடியான் என்றால் அதன் அட்ரினலின் மென்பொருளிலேயே பவர் லிமிட்டையும் வோல்டேஜையும் இறக்கலாம். வோல்டேஜைச் சிறிது சிறிதாக இறக்கி, ஒவ்வொரு முறையும் விளையாடிப் பார்த்த பிறகே அடுத்த படி. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் எஃப்பிஎஸ்ஸுக்கு 140 என்று வரம்பு போடுங்கள். திரை காட்டாத ஃபிரேம்களுக்குக் கார்டு உழைப்பது நிற்கும், காயில் வைனும் அடங்கும்.

சோதனையை ராத்திரியில் செய்யாதீர்கள். வெயில் உச்சியில் இருக்கும் மத்தியானத்தில், அரை மணி நேரம் கனமான விளையாட்டு ஒன்றை ஓட்டி, எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் வெப்பநிலையையும் ஒவ்வொரு ஃபேனின் சுற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். சீலிங் ஃபேனை அணைத்துவிட்டு, உட்காரும் இடத்திலிருந்து கேளுங்கள். எங்கிருந்து சத்தம் என்று பிடிபடவில்லை என்றால், மென்பொருளில் கேபினட் ஃபேன்களை ஒவ்வொன்றாகச் சில நொடி நிறுத்திப் பாருங்கள். எதை நிறுத்தும்போது அறை அடங்குகிறதோ அதன் வேகத்தை 100 சுற்று குறையுங்கள். சிலசமயம் ஒரு ஃபேன் 800இல் ரீங்கரிக்கும், 750இல் ரீங்காரமே இருக்காது; அந்த வேகத்தைத் தாண்டிப்போக வைத்தால் போதும்.

எழுதிவைத்த தாளைப் பத்திரப்படுத்துங்கள். சில மாதம் கழித்து, அதே வெயிலில், அதே விளையாட்டில் ஃபேன்கள் 200 சுற்று கூடுதலாக ஓடினால் முன்பக்க ஃபில்டரைக் கழற்றித் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். அதற்கும் இறங்கவில்லை என்றால் ஹீட்சிங்கின் இடுக்குகளை புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் கெட்டு, அந்த ஃபேனே நாளைக்குச் சத்தம் போடும்.