விடை ஒன்றே, கடைசி இலக்கம் வேறு

லினக்ஸ் கணினியில் எழுதிய பைத்தான் நிரலை விண்டோஸ் கணினியில் இயக்கும்போது விடையின் கடைசி இலக்கங்கள் சில நேரங்களில் மாறும். நிரலில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. செய்முறைத் தேர்வில் விடைக்குறிப்போடு இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டால், சரியாக எழுதிய மாணவர் மதிப்பெண் இழப்பார். எனவே இதன் காரணத்தை நாம் அறிந்திருப்பது அவசியம்.

காரணம் என்ன?

மிதப்புப் புள்ளி எண்களுக்கான ஐ.இ.இ.இ. 754 தரநிலை 1985-இல் வெளியானது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகியவற்றின் விடையை எப்படி முழுமையாக்க வேண்டும் என்பதை அது கட்டாயமாக்கியது. சைன், கொசைன், மடக்கை போன்றவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பைத்தான் இவற்றைத் தானே கணக்கிடுவதில்லை. அந்தந்த இயக்க அமைப்பில் உள்ள சி மொழிக் கணித நூலகத்திடமிருந்து பெறுகிறது. நூலகம் மாறினால் தோராயமாக்கும் முறையும் மாறுகிறது.

எடுத்துக்காட்டு

சைன் (பை) = 0 என்று கற்பிக்கிறோம். 64 பிட் லினக்ஸில் பைத்தான் தருவது 1.22464679 × 10⁻¹⁶. பழைய 32 பிட் விண்டோஸ் பைத்தானில் வந்தது 1.22460635 × 10⁻¹⁶.

கணினி சேமிக்கும் பை, உண்மை மதிப்பைவிட மிகச் சிறிதளவு குறைவு. சைன் (பை − தீட்டா) = சைன் தீட்டா; தீட்டா மிகச் சிறியதெனில் சைன் தீட்டாவும் ஏறத்தாழ தீட்டாவே. ஆகவே முதல் விடை, அந்தக் குறைவின் அளவையே காட்டுகிறது. இரண்டாவது விடையைத் தந்த செயலிக் கட்டளை, கணக்கீட்டின் உள்ளே பை மதிப்பை 66 பிட்டுகளோடு நிறுத்திக்கொண்டது. வேறுபாடு அங்கே பிறந்தது.

வகுப்பறையில் செய்ய வேண்டியவை

1. மிதப்புப் புள்ளி எண்களை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட வேண்டாம். 0.1 + 0.2, 0.3-க்குச் சமமா என்று கேட்டால் பைத்தான் 'இல்லை' என்றே சொல்லும். மாணவர்களையே செய்து பார்க்கச் சொல்லலாம்.

2. கணித நூலகத்தின் 'இஸ்குளோஸ்' செயற்கூற்றைப் பயன்படுத்தச் சொல்லலாம். எண்ணின் அளவில் நூறு கோடியில் ஒரு பங்கு வரையுள்ள வேறுபாட்டை அது இயல்பாகவே ஏற்கும்.

3. சுழியத்துடன் ஒப்பிட இது போதாது. எவ்வளவு வேறுபாட்டை ஏற்கலாம் என்ற எல்லையைத் தனியாகத் தர வேண்டும். சைன் (பை) கணக்கு இதற்குப் பொருத்தமான பயிற்சி.

4. 'நான்கு தசம இடத் திருத்தமாக' என்று வினாவிலும் விடைக்குறிப்பிலும் குறிப்பிடலாம். அப்போது எந்தக் கணினியில் தேர்வு நடந்தாலும் மதிப்பெண் மாறாது.